காமாலைக்கு மந்திரமா? கருவிக்குப் பூசையா?

மஞ்சள் காமாலை என்பது தனி வியாதியல்ல, வியாதியின் அடையாளமேயாகும். பித்தநீரின் சாயம் இரத்தத்தில் மிகுந்துவிட்டால் கண் மஞ்சளாகின்றது. கல்லீரல் கெட்டதால் மிகுந்ததா, பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்ததால் மிகுந்ததா என்பதே முக்கியமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேளாமலேயே மந்திரிக்கிறவனும், கையில் சூடு போடுகிறவனும் பாமர மக்களிடம் பணம் பறிக்கின்றார்கள்.

"மந்திரித்தார், குணமாயிற்றே!" என்பார்கள். அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலோருக்குத் தானாகவே நீங்கிவிடக்கூடியது. தானாய்ப் போவதற்குத் தட்சணை எதற்கு? குழாயில் கல் அடைத்து, சீழ் பிடித்து, குளிர் சுரத்தில் கிடக்கிறவனை இந்த மந்திரம் பிழைக்க வைக்குமா என்று கேட்கின்றோம். அவனுக்கு ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகும்.

நிற்க, மந்திரத்தை விட்ட படித்தவர்களிலும் சிலர் இயந்திரத்தைச் சாமியாக்கிக் கொண்டார்கள். பணம் அதிகம் வாங்கும் ஸ்கேனே உயர்ந்த ஸ்கேன் என்பது அவர்களது மதம். இதுவும் மூடநம்பிக்கையே. ஒவ்வொன்றின் யோக்கியதையையும் பார்ப்போம்.

ஒலி அலையால் பார்க்கும் அல்ட்ரா சவுண்டுக்குச் செலவு குறைவு. எக்ஸ் கதிரும் இல்லை. பித்தப்பைக் கல்லையும், குழாய் விரிந்திருப்பதையும் அது நன்றாகக் காட்டும். ஆகவே இரத்தப் பரிசோதனையோடு முதலில் செய்யத்தக்கது இதுவே. ஆனால் குடலிலுள்ள காற்று குழாயின் கீழ்முனையை மறைத்துவிடும்.

1971-ல் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. ஸ்கேன் எக்ஸ் கதிரால் வேலை செய்வது. கட்டி எங்கே, எவ்வளவு பரவியிருக்கின்றது என்பதற்கு அது கெட்டிக்காரக் கருவி. ஆனால் பித்தக் கற்களில் பல அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

எம்.ஆர்.சி.பி. என்பது காந்தத்தின் உதவியால் குழாய் முழுவதையும் படமாக்குவது. பித்தநீர் வெள்ளையாகவும், கல் கறுப்பாகவும் தெரியும். மிகச் சிறிய கல் இதற்கும் தப்பலாம்.

ஈ.ஆர்.சி.பி. என்பது வாய் வழியாகக் குழாய்க் கருவியை விட்டு, சாய மருந்து செலுத்தி, எக்ஸ்ரே பிடிப்பது. 1968-ல் பார்ப்பதற்கென்று வந்தது. 1974 முதல் கல்லை எடுக்கவும் உதவுகின்றது. ஆனால் சிலருக்குக் கணையம் வீங்கி ஆபத்தாகின்றது. ஆதலால் அடைப்பை நீக்க வேண்டியபோதே பெரும்பாலும் இன்று இதைச் செய்கின்றார்கள்.

எனவே தோழர்களே! மந்திரவாதியிடம் போகாதீர்கள், டாக்டரிடம் போனாலும் வாய்மூடி நிற்காதீர்கள். "இந்தப் பரிசோதனை எதற்கு? இதன் முடிவால் வைத்தியம் மாறுமா? குறைந்த செலவில், குறைந்த ஆபத்தில் வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் காரணம் சொல்லுவார். கேட்டதற்கே கோபிக்கிறவன் எந்த உடை உடுத்தியிருந்தாலும் பூசாரியே என்போம்.