கரி பூச வேண்டாம், தம்பிமாரே!

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மூன்று இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கல்முனைக்குடி, மற்றவர் சாய்ந்தமருது, மூன்றாமவர் மருதமுனை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தைத் தமிழில் மேடையேற்றப் போகிறோம், நடிகர் தெரிவுக்கு நீங்கள் நடுவராக இருக்க வேண்டும் சேர் என்றார்கள். நாடகம் அருகிப்போன இக்கரையில் இப்படியும் மூவரா என்று மகிழ்ந்தேன். அவர்கள் நீட்டிய துண்டுப் பிரசுரத்தை வாசித்ததும் அம்மகிழ்ச்சி வடிந்துவிட்டது.

அதில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. கறுத்த நிறமும் சுருட்டை முடியும் உடையோர் விரும்பப்படுவர். ஏனையோருக்கு ஒப்பனையால் நிறம் பூசப்படும். ஆண்கள் மாத்திரம் வரவும்.

நான் வர மாட்டேன் என்றேன். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. அன்று முழுமையாகச் சொல்லாத காரணத்தை இன்று பகிரங்கமாகவே எழுதுகிறேன். ஏனெனில் குற்றம் அம்மூவருடையது மட்டுமன்று, எம் எல்லோருடையதும்தான்.

முதலில் கரி. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கோமாளியாக்கிக் காட்டிய கூத்து, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. தோமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் அவ்வாறு ஆடிய பாத்திரத்தின் பெயர் ஜிம் குரோ. பின்னாளில் கறுப்பரைப் பாடசாலையிலும் பேருந்திலும் பிரித்து வைத்த சட்டங்களுக்கு அதே பெயர்தான் நிலைத்தது. மேடையில் பூசிய கரி சட்டப் புத்தகம் வரை ஒழுகிய வரலாறு அது. அம்மக்களின் நாடகத்தை அவர்களை இழிவுசெய்த அதே கரியைப் பூசிக்கொண்டு ஆடுவது மரியாதை ஆகுமா?

அமெரிக்கா இருக்கட்டும். எங்கள் மேடைகளை நினைத்துப் பாருங்கள். நான் படித்த காலத்தில் பாடசாலை நாடகம் என்றால் சிவந்த பையன் இளவரசன், கறுத்த பையன் சிறைக்காவலன் அல்லது அடிமை. வசனம் யாருக்கு நன்றாக வரும் என்று எவரும் கேட்டதில்லை. மூன்று வருடம் தொடர்ந்து ஈட்டியுடன் வாய் திறவாமல் நின்ற ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் நான்தான். பிலாலின் பாங்கோசையைப் பற்றி மிம்பரில் உருகிப் பேசுகிறோம். வெள்ளையனுக்குக் கறுப்பனை விட மேன்மை இல்லை என்று இறுதிப் பேருரையில் போதிக்கப்பட்டதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்குகிறோம். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் "பிள்ள வெள்ளையா?" என்பதுதான் முதற் கேள்வி. அந்தப் பிரசுரம் இந்தப் புத்தியில் பிறந்த குழந்தை.

கறுப்பரின் நாடகத்தைக் கறுப்பரல்லாதவர் தொடவே கூடாதா என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஓகஸ்ட் வில்சன் 1996இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரையில், நிறம் பாராமல் பாத்திரம் வழங்குவதைக் கடுமையாக எதிர்த்தார். கறுப்பருக்குச் சொந்த அரங்கு வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்றார். கட்டோரி ஹாலின் 'த மவுண்டன்டொப்' நாடகத்தில் மார்ட்டின் லூதர் கிங்காக ஒரு வெள்ளை நடிகரை 2015இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக மேடையில் நடிக்க வைத்தபோது, அவர் கொதித்தெழுந்து அனுமதி ஒப்பந்தத்திலேயே நிபந்தனை சேர்த்தார். அவர்களுடைய கோபம் எனக்கு விளங்குகிறது. கறுப்பு நடிகரின் வாய்ப்பை வெள்ளையர் பறிப்பது அங்குள்ள வழக்கு. கல்முனையில் நாம் எவருடைய வாய்ப்பையும் பறிக்கவில்லை. ஆனாலும் இரண்டு கடமைகள் உண்டு. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். வேஷம் போட்டு அவர்களாகப் பாசாங்கு செய்யாமல், எமக்கு இந்த நாடகத்தில் என்ன வேலை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

வேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இறந்துபோன வாப்பாவின் பெயரில் 10,000 டொலர் காப்புறுதிப் பணம் வருகிறது. உம்மா அதில் ஒரு பகுதியைக் கட்டி, வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்குகிறார். எஞ்சியதை மகன் மதுக்கடை வியாபாரத்தில் போட, கூட்டாளி சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். மதுக்கடைக் காசு வேண்டாம் என்று சொல்லும் அந்தத் தாயை எங்கள் உம்மாமார் ஒரு நொடியில் அடையாளம் காண்பார்கள். வெளிநாட்டு ஏஜென்சிக்காரனிடம் காணி விற்ற பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்கள் எம் ஒழுங்கைகளில் எத்தனை பேர்!

ஹான்ஸ்பெரி இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. அவருடைய தந்தை 1937இல் சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். வீட்டுக்குள் வந்து விழுந்த கல், சிறுமி லொரெய்னை மயிரிழையில் தவறவிட்டது. 1940இல் தந்தை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் சட்ட நுட்பத்தால் வந்த வெற்றி அது. கறுப்பருக்கு விற்காதே என்ற காணி ஒப்பந்தங்களின் அடிவேர் 1948இல்தான் வெட்டப்பட்டது. 1959இல் நாடகம் பிரோட்வே ஏறி 530 காட்சிகள் ஓடியது. ஆசிரியருக்கு அப்போது வயது 28.

வீட்டுக்காகக் காத்திருப்பது எமக்குத் தெரியாத கதையா? 2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிறகு கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்றார்கள். வீடிழந்த முஸ்லிம்களுக்கென நுரைச்சோலையில் சவூதி நிதியில் 500 வீடுகள் எழுந்தன. ஓர் இனத்துக்கு மட்டும் கொடுக்கலாகாது என்று வழக்கு வந்தது. இன விகிதப்படி பகிரத் தீர்ப்பாயிற்று. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்க, முற்றத்தில் காடு வளர்ந்தது. அந்தக் காத்திருப்பில் முதுமை அடைந்த ஒரு பெண்ணைவிட இந்த நாடகத்தின் தாய்க்குப் பொருத்தமானவர் யார்? அவருக்கு எதற்குக் கரி?

ஆனால் அவர் வர முடியாது. ஆண்கள் மாத்திரம் அல்லவா! தாய், மருமகள், வைத்தியராகக் கனவு காணும் மகள் என்று மூன்று பெண்கள் தாங்கும் நாடகம் இது. மூன்றையும் மீசை மழித்த ஆண்களுக்குக் கொடுத்தால் எஞ்சுவது கேலிக்கூத்துத்தான். எமது கரையின் நாட்டார் கவிகளில் பெண் குரலில் அமைந்தவை ஏராளம். அவற்றை எம் பாரம்பரியம் என்று ஆய்வரங்குகளில் கொண்டாடுகிறோம். பாடியவளின் பேத்தி மேடைப் பக்கம் வந்தால் மட்டும் ஊர் கலங்குகிறது. கலங்குவோர் கலங்கட்டும். உம்மாமாரையும் சகோதரிகளையும் அழையுங்கள். அவர்கள் எவ்விதம் வர விரும்புகிறார்களோ அவ்விதம் ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் கசப்பானது. நாடகத்தில் லிண்ட்னர் என்றொரு வெள்ளையர் வருகிறார். அவர் கத்துவதில்லை. உங்கள்மீது கோபமில்லை, அவரவர் ஆட்களுடன் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி, பணம் தருகிறோம், வீட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று பண்பாகப் பேசுகிறார். அந்தக் குரலை நான் கல்முனையில் கேட்டிருக்கிறேன், தமிழர் வாயிலும் முஸ்லிம் வாயிலும். "எங்கட ஆக்களுக்குத்தான் காணி விப்பம், வேற ஒண்டுமில்ல" என்பது யாருடைய வசனம்? கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019இல் உண்ணாவிரதம் இருந்த நாட்களில், எல்லை எங்கே என்று இரு தரப்பும் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. எல்லைக் கோரிக்கைகளில் நியாயம் இருக்கலாம். அடுத்த வீட்டில் யார் இருக்கலாம் என்ற கணக்கில் நியாயம் இல்லை. நுரைச்சோலையில் நாம் அந்தக் குடும்பம். எங்கள் வேலியோரத்தில் நாமே லிண்ட்னர்.

ஆகவே தம்பிமாரே, பிரசுரத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக அச்சடியுங்கள். நிறம் கேட்க வேண்டாம். பெண்களை அழையுங்கள். பாண்டிருப்பிலும் நீலாவணையிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளையும் அழையுங்கள். வருகிற ஒவ்வொருவரையும் முதலில் லிண்ட்னரின் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது எவருக்குக் குரல் தடுமாறுகிறதோ அவருக்கு இந்த நாடகம் விளங்கியிருக்கிறது.

அன்றைக்கு என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். நடுவராக வேண்டாம், எனக்கும் ஒரு பாத்திரம் கொடுங்கள். இம்முறை வசனம் உள்ளதாக.