கண்ணைக் கட்டி வாயைத் திறக்காதீர்கள்

“பார்க்குக்குப் போயிட்டு, வர்ற வழியில ஒரு அங்கிளைப் பார்த்துட்டு வரலாம்” என்று சொல்லித்தான் என் தங்கை மகளை அழைத்துப்போனோம். ஆறு வயது. கீழ்த்தாடையில் கடைவாய்ப் பால்பல் சொத்தையாகி மூன்று இரவுகள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. கிராம்பு எண்ணெய், உப்புத் தண்ணீர், மருந்துக்கடைச் சிரப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. பல் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் கண்ணில் ஒரு விஆர் (மெய்நிகர் உலகைக் காட்டும்) கண்ணாடியை மாட்டினார்கள். கடலுக்கு அடியில் மீன் கூட்டம். “மாமா, ஆமை வருது!” என்று சிரித்தாள். சிரித்த வாய்க்குள் ஊசி போனது. அவள் இரண்டு கைகளையும் பிடித்திருந்தது நான்தான். கண்ணாடியைத் தலையால் முட்டித் தள்ளிவிட்டு அவள் பார்த்தது மருத்துவரை இல்லை, என்னை.

எட்டு மாதமாகிறது. இன்றும் யாராவது அவளிடம் எதையாவது நீட்டினால், அவர்களுடைய இன்னொரு கையை முதலில் பார்க்கிறாள்.

குழந்தையை ஏமாற்றித்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. ‘வலிக்கவே வலிக்காது’, ‘டாக்டர் சும்மா பார்ப்பார்’, ‘முடிஞ்சதும் மறந்திடும்’. இதையெல்லாம் அன்பென்றே நினைத்துச் சொல்கிறோம். இப்போது அந்த நம்பிக்கைக்குப் புதிதாக ஒரு கருவி கிடைத்திருக்கிறது. கண்ணாடியை மாட்டிவிட்டால் போதும், என்ன நடக்கிறதென்றே பிள்ளைக்குத் தெரியாது என்கிறார்கள். தெரியாமல் செய்வதுதான் இதில் பிழை. கருவியின் மேல் எனக்குக் கோபமில்லை. அதைக் கண்கட்டாக மாற்றிய மனப்பான்மையைத்தான் கண்டிக்கிறேன்.

கருவி வந்த வழியைப் பார்த்தாலே இது விளங்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990களின் பிற்பகுதியில் தீக்காய நோயாளிகளிடம் இதை முயன்றார்கள். தீக்காயத்தில் தினமும் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவுவது, பட்ட நெருப்பைவிடக் கொடுமை என்று நோயாளிகள் சொல்வார்கள். அவர்களுக்காக உருவானதுதான் ‘ஸ்னோவேர்ல்ட்’. பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மிதந்தபடி பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனியுருண்டை வீசிக்கொண்டே போகலாம். வலியை உணரவும் கவனம் வேண்டும். கவனத்தின் பெரும்பங்கைப் பனியுருண்டை வாங்கிக்கொண்டால் வலிக்கு மிஞ்சுவது குறைவு. 2001இல் ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற இரண்டு பெரியவர்களிடம் முயன்றபோதும், திரைப்படம் பார்த்ததைவிட இதில் வலி குறைவாக இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். 2004இல் மூளைப் படத்திலும் வலி சார்ந்த செயல்பாடு தணிந்ததைக் காட்டினார்கள்.

அந்தத் தீக்காய நோயாளிகளில் ஒருவரிடம்கூட ‘இன்று புண்ணைத் தொடமாட்டோம்’ என்று யாரும் பொய் சொல்லவில்லை. எந்த நேரத்தில் எந்தக் கட்டு பிரிக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் பனிக்குள் போனார்கள். வலிமருந்தும் நிறுத்தப்படவில்லை, மருந்தோடு சேர்த்துத்தான் கண்ணாடி. நம் ஊருக்கு வந்து சேரும்போது இந்த இரண்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

இதைப் புரிந்துகொள்ள நமக்குச் சியாட்டில்கூட வேண்டாம். நிலாவைக் காட்டிச் சோறூட்டியவர்கள் நாம். இடுப்பில் இருக்கும் பிள்ளைக்குக் கிண்ணத்தில் சோறிருப்பது தெரியும், அடுத்த கவளம் வரப்போவதும் தெரியும். நிலா அதன் பிடிவாதத்தைக் கொஞ்சம் இளக்குகிறது, அவ்வளவுதான். அதே நிலாவைக் காட்டி வாயில் வேப்பெண்ணெயை ஊற்றிப் பாருங்கள். மறுநாள் நிலாவைக் காட்டினாலே வாயை இறுக மூடிக்கொள்ளும். கவனத்தைத் திருப்புவதற்கும் ஏமாற்றுவதற்கும் நடுவே உள்ள கோட்டை நம் பாட்டிகள் அறிந்திருந்தார்கள்.

‘குழந்தையிடம் உண்மையைச் சொன்னால் இன்னும் பயப்படும்’ என்பார்கள். எந்த உண்மையை, எந்த அளவில் என்பதைப் பொறுத்தது அது. ஊசியைக் கண்ணெதிரே ஆட்டிக் காட்டச் சொல்லவில்லை. குழந்தையின் பார்வையில் படாமல் அதைக் கைமாற்றுவது பல் மருத்துவத்தில் கற்றுக்கொடுக்கும் முறைதான், சரியானதும்கூட. ஊசியைக் காட்டாமலிருப்பது வேறு, ஊசியே கிடையாது என்பது வேறு. ‘முதல்ல பல் தூங்குறதுக்கு ஒரு ஜெல் தடவுவேன், கொஞ்சம் கசக்கும். அப்புறம் எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும். நீ பத்து எண்ணு, முடிஞ்சிடும்.’ ஆறு வயதுக்கு இவ்வளவு உண்மை போதும். ஜெல் தடவி ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து, மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தினால், சொன்னபடியே சுருக்கென்றுதான் இருக்கும். சொன்னது நடந்தது என்று குழந்தை கண்டுகொள்ளும் அந்த இடத்தில்தான் அடுத்த வருகைக்கான நம்பிக்கை பிறக்கிறது.

சொல், காட்டு, செய் என்று இதற்கு ஒரு முறையே இருக்கிறது. அடல்ஸ்டன் என்பவர் 1959இல் எழுதிவைத்தது. காற்று ஊதும் குழாயை முதலில் குழந்தையின் உள்ளங்கையில் ஊதிக் காட்டுவது, எச்சில் உறிஞ்சும் குழாயை அதன் கையில் கொடுத்துத் தம்ளர் தண்ணீரை உறிஞ்சவைப்பது, பல்லைக் குடையும் ஏர்ரோட்டரின் கீச்சொலியை வாய்க்கு வெளியே கேட்கவைப்பது, அதன்பிறகே வாய். கூடவே ஓர் ஒப்பந்தம்: இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன். புதிதாக மின்சாரமோ மென்பொருளோ கேட்காத இந்த ஏற்பாட்டைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரே கண்ணாடிக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

கண்ணாடிக்கு அதற்கே உரிய இடைஞ்சலும் உண்டு. குழந்தைக்கு வலிக்கிறதா என்பதை மருத்துவர் வாயில் பார்ப்பதில்லை, புருவத்திலும் கண்ணிலும்தான் பார்க்கிறார். அதைத்தான் முதலில் மூடுகிறோம். பெரியவர்களுக்கென்று செய்த சாதனம் அரைக் கிலோ எடை, சின்ன மூக்கின்மேல் வழுக்கி இறங்கி மேல்பல் வேலைக்குக் குறுக்கே நிற்கும். சந்தையில் பெயர்பெற்ற மெட்டா நிறுவனமே தன் விஆர் சாதனங்களுக்கு நெடுநாள் 13 வயது என்று வைத்திருந்த வரம்பை 2023இல்தான் 10ஆகக் குறைத்தது. பலன் பற்றியும் அளவோடுதான் பேச வேண்டும். பலவகைச் சிகிச்சைகளின்போது பிள்ளைகளின் வலியை விஆர் குறைக்கிறதா என்று நடந்த 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்றில்லை என்றே 2020இல் எழுதியது. சில குழந்தைகளுக்கு இது பெரிய துணையாக இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. விரும்பிக் கேட்கும் குழந்தைக்குக் கொடுங்கள். மரத்துப்போகும் ஊசிக்குப் பதிலாகவோ, பேச்சுக்குப் பதிலாகவோ கொடுக்காதீர்கள்.

‘எங்களையெல்லாம் அமுக்கிப் பிடித்துத்தான் பல் பிடுங்கினார்கள், நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அழும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவதை அமெரிக்கப் பல் மருத்துவப் பாடப்புத்தகங்களே பல்லாண்டு ஒரு முறையாகக் கற்பித்தன. அங்கேயுள்ள குழந்தைப் பல் மருத்துவர்களின் சங்கம் 2006இல் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. நன்றாக இருக்கிறோம் என்கிற நீங்கள் கடைசியாகப் பல் மருத்துவரிடம் போனது எப்போது? கன்னம் வீங்கி, கண் இடுங்கி, மாத்திரைக்கும் அடங்காமல் போன பிறகுதானே? நாற்பது வயதில் அந்த நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றும் விரல்களில் ஏழு வயதுப் பயம் உட்கார்ந்திருக்கிறது.

கூட்டம் நிரம்பிய அரசு மருத்துவமனையில் கொஞ்சிப் பேச நேரமேது என்ற கேள்வி நியாயமானது. அங்கேயும் வழியிருக்கிறது. பல்லைக் குடையாமல், ஊசி போடாமல், சொத்தைமேல் சின்னத் தூரிகையால் தடவி அதை நிறுத்தும் சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுத்துவிடும், அதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். வேர்வரை போன சொத்தைக்கு இது ஆகாது. எல்லாப் பிள்ளைகளும் வேர்வரை போன பிறகே வருவது ஏன் என்றால், ‘பால்பல்லுதானே, விழப்போற பல்லுதானே’ என்று நாம் உட்கார்ந்திருப்பதால். பின்கடைவாய்ப் பால்பல் விழுவது பத்து, பன்னிரண்டு வயதில். ஆறு வயதில் சொத்தையானால் அதைவைத்துத்தான் இன்னும் நாலு முதல் ஆறு வருடம் அந்தப் பிள்ளை சோறு மெல்ல வேண்டும். முதல் வயது முடிவதற்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். வலியில்லாத நாளில் போனால் அந்த நாற்காலி ஏறி இறங்கும் ஊஞ்சல்தான். நாமோ வலியில் துடிக்கும் நாளில்தான் முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு போகிறோம். அதற்கு முந்தைய ஆறு வருடமும் ‘அடம் பிடிச்சா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்று மிரட்டிவைத்திருக்கிறோம்.

போன மாதம் அவளுக்கு மறுபக்கப் பல். இந்த முறை வேறொரு மருத்துவர். முந்தின இரவே அவளிடம் சொன்னேன்: நாளைக்குப் பல் டாக்டர், ஊசி உண்டு, அன்றைக்கு மாமா சொன்னது பொய், தப்பு. அவள் ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அந்த டாக்டரம்மா அவளுடைய சுண்டுவிரல் நகத்தில் பல்லைப் பார்க்கும் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, “இதைத்தான் முதல்ல உள்ள விடப்போறேன்” என்று தொடங்கினார். விஆர் கண்ணாடி அங்கேயும் இருந்தது. வேண்டுமா என்று கேட்டார். வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ஊசிக்குப் பத்து எண்ணச் சொன்னார், பதினாலு வரை போனது. வேலை நடுவில் மூன்று முறை இடது கையைத் தூக்கினாள், மூன்று முறையும் சத்தம் நின்றது. மூன்றாவது தடவை என்ன கண்ணு என்று கேட்டபோது, “ஒண்ணுமில்ல, நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்” என்றாள்.