பள்ளிக்கு இரண்டு கிட்டார் வேண்டும்!



சுற்றி வளைக்காமல் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் விளையாட்டு அறையில் கிரிக்கெட் மட்டை இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் இருக்கிறது. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறோம், திருப்பித் தருகிறோம். அதே மாதிரி நம் பள்ளியில் இரண்டு கிட்டாரும் இருக்க வேண்டும். மாணவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் வாசித்துப் பழகிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

"கிட்டாரா? அதெல்லாம் பணக்காரப் பசங்க சமாச்சாரம்டா" என்று சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. அது ஏன் பணக்காரப் பசங்க சமாச்சாரம் ஆச்சு? இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

நான் ரெட்டியார்பாளையம் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். ஸ்டுடியோ என்றதும் சினிமாவில் வருவது போலக் கற்பனை செய்ய வேண்டாம். மாடியில் ஒரே ஒரு அறை. சுவரில் பஞ்சுப் பலகை, ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ் செட், ஆணியில் தொங்கும் நாலு கிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வகுப்பு. அங்கே போன பிறகுதான் எனக்கு ஒரு கணக்கு புரிந்தது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம்தான் மாஸ்டர் நம்மோடு இருக்கிறார். மீதி 167 மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோமோ, அதுதான் நமக்குக் கிட்டார் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

காரணம் சொல்கிறேன். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டிகள் பதித்திருப்பார்கள். வீணையில் 'மெட்டு' என்கிறோமே, அதேதான். இடது கை விரல் நுனியால் கம்பியை மெட்டுக்குப் பக்கத்தில் அழுத்த வேண்டும். கொஞ்சம் தள்ளி அழுத்தினால் 'கிர்ர்' என்று இரையும். சரியாக அழுத்தாவிட்டால் சத்தமே வராது. முதல் இரண்டு வாரம் விரல் நுனி எரியும், சிவக்கும். தினமும் வாசித்துக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் தோல் காய்த்துப் போகும், வலியும் போய்விடும். நிறுத்தினால் அந்தக் காய்ப்பு மறுபடி இளகிவிடும். ஆகவே சனிக்கிழமை மட்டும் வாசிக்கிறவனுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் நாள்தான்!

விரல் மட்டும் இல்லை. ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாறும்போது மூன்று விரலும் ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். முதலில் ஒவ்வொரு விரலாகத் தேடிப் பிடிப்போம். அதற்குள் பாட்டு நாலு அடி தாண்டிப் போயிருக்கும். கண்ணால் பார்க்காமலே விரல் தானாகப் போய் உட்கார, நூறு தடவை, இருநூறு தடவை மாற்றிப் பழக வேண்டும். அதற்கு வகுப்பு நேரம் போதாது. வீட்டில் கிட்டார் இருந்தால்தான் முடியும்.

என்னோடு சேர்ந்த ஒரு நண்பனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பேர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. அவனுக்கு அபாரமான காது. ஒரு கம்பி இம்மி சுருதி இறங்கினாலும், போனில் இருக்கும் ட்யூனர் காட்டுவதற்கு முன்பே "அஞ்சாவது கம்பி எறங்கிடுச்சு சார்" என்பான். மாதக் கட்டணத்தை அவன் அம்மா எப்படியோ கட்டிவிட்டார்கள். கிட்டார் வாங்கத்தான் முடியவில்லை. நம்பி வாங்குகிற மாதிரி புதிது ஒன்று மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு வாரமும் மாஸ்டர் எல்லோரையும் கேட்பது போல அவனையும் கேட்பார்.

"வீட்ல வாசிச்சியாப்பா?"

"இல்ல சார். வீட்ல கிட்டார் இல்ல சார்."

அவன் சும்மா இருக்கவில்லை. ஒரு நீள அட்டையில் ஸ்கேல் வைத்து ஆறு கோடு போட்டான். குறுக்கே மெட்டுகளையும் வரைந்தான். அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கார்டு மாற்றிப் பழகினான். விரல் எங்கே போக வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அட்டையில் விரல் காய்க்காது, தப்பாக அழுத்தினால் இரையாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து வாசிப்பான். மற்ற ஐந்து நாளும் அந்த அட்டைதான். நாலாவது மாதம் நின்றுவிட்டான். "எக்ஸாம் வருதுடா" என்று சொன்னான். எக்ஸாம் எனக்கும்தான் வந்தது.

நண்பர்களே, இதில் யார் மேலும் தப்பு இல்லை. ஸ்டுடியோ நடத்துகிறவர் வாடகை கட்ட வேண்டும், கட்டணம் வாங்காமல் முடியாது. அம்மாவாலும் அதற்கு மேல் முடியாது. ஆனால் நடுவில் ஒரு கிட்டார் இருந்திருந்தால், என்னைவிட நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவன் நின்றிருக்க மாட்டான். எல்லோருக்கும் இலவச வகுப்பு வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. யூட்யூபில் இன்று பாடம் கொட்டிக் கிடக்கிறது. கட்டை விரலை எங்கே வைப்பது, மணிக்கட்டை எப்படி மடக்குவது என்று திருத்த ஒரு மாஸ்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் யூட்யூபோ மாஸ்டரோ, எதுவானாலும் மடியில் ஒரு கிட்டார் இருந்தால்தானே?

நம் ஊரில் ஜூன் மாதம் 'ஃபேத் தெ லா முசீக்' விழா நடப்பது எல்லோருக்கும் தெரியும். அலியான்ஸ் பிரான்சேஸ் நடத்துகிறது. தெருவில் மேடை போட்டு இசைக் குழுக்கள் வாசிப்பார்கள், டிக்கெட் கிடையாது. இந்த விழா 1982 ஜூன் 21 அன்று பிரான்சில் தொடங்கியது. அது தொடங்கிய காரணம் ரொம்ப சுவாரசியமானது. அந்த நாட்டில் அப்போது எடுத்த கணக்கில், 50 லட்சம் பேருக்கு ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரியும் என்றும், பிள்ளைகளில் இருவரில் ஒருவருக்குத் தெரியும் என்றும் தெரிய வந்தது. அப்படியானால் இவர்களெல்லாம் ஏன் வீட்டுக்குள்ளேயே வாசிக்கிறார்கள், ஒரு நாளாவது தெருவுக்கு வரட்டுமே என்றுதான் விழா வைத்தார்கள். பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்திருக்கும் நண்பர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். 'ஃபேத்' என்றால் விழா. அதே உச்சரிப்பில், வேறு எழுத்தில் எழுதினால் 'செய்யுங்கள்' என்று அர்த்தம். 'இசை விழா' என்று சொன்னாலே 'இசை செய்யுங்கள்' என்றும் காதில் விழும்! ஆனால் நம்மில் பெரும்பாலோர் அன்றைக்கு என்ன செய்கிறோம்? பட்டாணி சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்க்கிறோம். போனில் படம் எடுக்கிறோம். வாசிக்க நமக்கு வாத்தியம் எங்கே இருக்கிறது?

இதற்கு வழியும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1827-இல் தொடங்கிய நூலகம் நம்முடையது. இன்று அதற்கு ரொமெய்ன் ரோலந்து நூலகம் என்று பெயர். ரொமெய்ன் ரோலந்து யார் என்று கேட்டால் 1915-ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு பெற்றவர் என்று பொது அறிவுப் போட்டியில் சொல்வோம். அவர் பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்தவர், பீத்தோவன் வரலாற்றை எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1931 டிசம்பரில் காந்தியடிகள் சுவிட்சர்லாந்தில் அவரைச் சந்தித்தபோது, பியானோவில் பீத்தோவன் இசையை வாசித்துக் காட்டினார். இசைக்காரர் ஒருவர் பெயரில் நூலகம் வைத்திருக்கும் ஊர் நம் ஊர்! புத்தகம் வாங்கக் காசு இல்லாதவரும் படிக்கலாம் என்பதற்குத்தானே நூலகம்? அந்த நியாயம் கிட்டாருக்கும் பொருந்தாதா?

இது என் கற்பனை இல்லை. ஈழத் தமிழர்கள் நிறைய வாழும் கனடாவின் டொராண்டோ நகரப் பொது நூலகத்தில், 2016-லிருந்து நூலக அட்டையைக் காட்டி இசைக் கருவிகளை இலவசமாக வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வெனிசுலா நாட்டில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் 'எல் சிஸ்தேமா' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியமும் பயிற்சியும் கொடுத்தார்கள். அதில் வளர்ந்த குஸ்தாவோ துதாமெல் இன்று உலகப் புகழ் பெற்ற இசை நடத்துநர். பக்கத்தில் சென்னையில், ஏ.ஆர்.ரகுமான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய வாத்தியங்களை இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள்.

இனி எதிர்க் கட்சிக்குப் பதில்!

"வெளிநாட்டு வாத்தியம் எதுக்கு?" என்பார்கள். கர்நாடகக் கச்சேரியில் இன்று வயலின் இல்லாமல் நடக்குமா? அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம் இசைக்குக் கொண்டுவந்தார். மாண்டலினை உ.ஸ்ரீனிவாஸ் நம்முடையதாக்கினார். இளையராஜா, படங்களுக்கு இசையமைக்க வருவதற்கு முன் மற்ற இசையமைப்பாளர்களின் குழுவில் கிட்டார் வாசித்தவர். 1976-இல் 'அன்னக்கிளி', 2025 மார்ச் 8 அன்று லண்டனில் சிம்பொனி! யாருக்காவது மிருதங்கமோ புல்லாங்குழலோ வேண்டுமென்றால் அதையும் அலமாரியில் வைப்போம், சண்டை இல்லை.

"படிப்பு கெட்டுப்போகும்" என்பார்கள். தினமும் அரை மணி நேரம் போதும். தவிர, நம் இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானி என்று ஒரு கருவி இருக்கிறதே, அது என்ன? ஒரு பெட்டி, இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, இரண்டு பாலங்கள். கிட்டார் என்பது ஆறு கம்பி சுரமானி! ஐந்தாவது கம்பியைச் சும்மா மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அதையே பன்னிரண்டாவது மெட்டில், அதாவது சரிபாதி நீளத்தில் அழுத்தி மீட்டினால் 220 ஹெர்ட்ஸ். நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பு என்ற விதி எனக்கு மனப்பாடம் செய்யாமலே வந்தது.

"உடைச்சிடுவாங்க, பாழாக்கிடுவாங்க" என்பார்கள். இது நியாயமான பயம். எஃகுக் கம்பி ஆறும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். வெயிலில் வைத்தால் பசை இளகிக் கழுத்து வளைந்துவிடும். நம் ஊர் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அதற்கும் விதி போடலாம். உறையில் போட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியைத் துடைக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில், வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. ஒருவருக்கு இரண்டு வாரம், பிறகு அடுத்தவருக்கு. கம்பி அறுந்தால் புதுக் கம்பி மாற்றித் தர வேண்டும். ஆரம்பக்காரர்களுக்கு நைலான் கம்பிக் கிட்டார் ஒன்று இருந்தால் விரலுக்கும் இதமாக இருக்கும்.

கடைசியாக, "பணத்துக்கு எங்கே போறது?" இதற்குப் பதில் நம் வீடுகளிலேயே இருக்கிறது. அண்ணன் காலேஜ் படிக்கும்போது ஆசையாக வாங்கி, மூன்று மாதம் வாசித்துவிட்டு, பரண்மேல் போட்ட கிட்டார் எத்தனை வீட்டில் இருக்கிறது? சுவரில் அலங்காரமாகத் தூசி படிந்து தொங்குவது எத்தனை? கம்பி மாற்றிச் சுருதி சேர்த்தால் அதில் பாதி பிழைத்துக்கொள்ளும். கம்பி மாற்றித் தர நான் தயார், எனக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: நூலக அறையில் காற்றோட்டமான ஒரு மூலையும் ஒரு பதிவு நோட்டும் கொடுங்கள், போதும். நண்பர்களே, இந்தத் தாளின் கீழே ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கும் கிட்டார் உள்ளவர்கள் இடது பக்கம் பெயரையும் வகுப்பையும் எழுதுங்கள். கற்றுக்கொள்ள ஆசை இருந்தும் கிட்டார் இல்லாதவர்கள் வலது பக்கம் எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம், வலது பக்கத்தில் முதல் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அவனே எழுதினான்.