பொம்மைக்கு வர்ணம், காற்றுக்கு அளவு

நவராத்திரிக்கு முன்பே கொலுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் பார்க்கும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டல்லவா? கிருஷ்ணனுக்குக் கன்னத்தில் வர்ணம் உதிர்ந்திருக்கும். செட்டியாருக்குத் தலைப்பாகை வெளுத்திருக்கும். தூரிகையால் பூசினால் கோடு கோடாகத் தெரிகிறதே என்று, வர்ணத்தைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்க ஆசைப்படுவீர்கள். வாங்குங்கள். ஆனால் அதற்குக் காற்று ஊட்டும் கம்ப்ரஸர் விஷயத்தில் சற்று ஜாக்கிரதை. பணம் வீணாவது அங்கேதான்.

கடைக்காரர் குதிரைசக்தியைச் சொல்லுவார், "நூறு பவுண்டு அழுத்தம் வரும், அம்மா!" என்பார். மயங்கிவிடாதீர்கள். லாரி டயருக்கு அது வேண்டும், பொம்மைக்கு வேண்டாம். சதுர அங்குலத்துக்கு 15 முதல் 25 பவுண்டு போதும். மீட்டரில் 'பி.எஸ்.ஐ.' என்று எழுதியிருப்பது இதைத்தான். நமக்குத் தேவை பலத்த காற்று அல்ல. சீரான, ஈரமில்லாத காற்று.

ஆகவே மூன்றைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டி. 3 லிட்டர் போதும். தொட்டி இல்லாத சின்ன யந்திரத்தில் பிஸ்டனின் ஒவ்வோர் அடியும் காற்றில் துடிக்கும். வர்ணமும் விட்டுவிட்டு விழும். தொட்டி இருந்தால் மோட்டார் அடிக்கடி ஓயும். குழந்தை தூங்கும் வீட்டில் அதுவே பெரிய உபகாரம். இரண்டாவது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், மீட்டருடன். மூன்றாவது, நீர் பிடிக்கும் வடிகட்டி. சென்னை போன்ற கடலோர ஊர்களில் இதை விடவே கூடாது. காற்றை அமுக்கி, அது ஆறினால், அதிலுள்ள ஈரம் நீராகிவிடும். ஒரு சொட்டு குழாய் வழியே வந்து அம்மன் முகத்தில் விழுந்தால், பாட்டி காலத்துப் பொம்மை என்ன ஆவது? வேலை முடிந்ததும் காற்றை வெளியேற்றிவிட்டுத் தொட்டியின் அடித் திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள்.

அழுத்தம் வைக்கும்போது ஏர்பிரஷின் விசையை அழுத்தி, காற்று வெளியேறும் நிலையிலேயே மீட்டரைப் பாருங்கள். சும்மா இருக்கையில் 25 காட்டும் முள், காற்று ஓடும்போது சில பவுண்டு இறங்கும். 20-ல் தொடங்கிப் பழைய காகிதத்தில் பரீட்சை செய்யுங்கள். புள்ளி புள்ளியாகத் தெறித்தால் வர்ணம் கெட்டி. பால் பதத்துக்கு இளக்குங்கள். அப்புறமும் தெறித்தால் இரண்டு, மூன்று பவுண்டு கூட்டுங்கள். சிலந்திக் கால் போல் ஓடிப் பரவினால் காற்றையும் வர்ணத்தையும் குறையுங்கள். புருவம், உதடு போன்ற நுட்பமான இடங்களுக்கு வர்ணத்தை இன்னும் நீர்க்கச் செய்து, 10 முதல் 15-க்குள் வைத்து, கிட்டத்தில் தெளிக்கலாம்.

இன்னொன்று. தண்ணீரில் கரையும் வர்ணமானாலும் அதன் நுண்துளிகள் நுரையீரலுக்கு ஆகாது. புடவைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டால் போதாது. 'என்-95' முகக்கவசம் அணியுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், குழந்தைகள் எட்ட இருக்கட்டும். தின்னர் நெடியை அந்தக் கவசமும் தடுக்காது. ஆகையால் தின்னர் கலக்கும் வர்ணமே வீட்டுக்குள் வேண்டாம்.

எல்லாம் தயாரா? எடுத்த எடுப்பில் அம்மன் முகத்துக்குப் போகாதீர்கள். செட்டியார் கடைக் கத்தரிக்காயில் கை பழகட்டும்!