மேடெழும் சித்திரம்

வர்ணத்தைத் தட்டையாகப் பூசுவதோடு நில்லாமல், மேடாக எழுப்பி அழகு பார்ப்பது நமக்குப் புதிதன்று. தஞ்சாவூர்ச் சித்திரத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து ஆபரணங்களை உயர்த்தி, பொன் தகடும் கற்களும் பதிக்கிறார்கள். மதுராவின் ஸாஞ்சிக் கலைஞர்கள் காகிதத்தையே நுட்பமாகக் கத்தரித்து அச்சாக்குகிறார்கள். இவ்விரண்டையும் இணைத்து, ஒரு மரப்பெட்டியின் மூடியைச் சகோதரிகள் வீட்டிலேயே அலங்கரிக்கலாம்.

பழைய எக்ஸ்-ரே தகட்டில் மாங்காயோ கொடியோ வரைந்து வெட்டிக் கொள்ளுங்கள். சாக்குக் கட்டிப் பொடியை மரவேலைப் பசையில் கெட்டித் தயிர்ப் பதமாகக் குழையுங்கள். அச்சை மூடிமேல் அழுத்திப் பிடித்து, 2 மில்லிமீட்டர் கனத்திற்கு மிகாமல் வழித்துப் பூசுங்கள். அச்சை நேர் மேலே தூக்கி உடனே கழுவிவிட வேண்டும்.

இனித்தான் பொறுமைக்குச் சோதனை. ஓர் இரவு முழுதும் நிழலில் காயவேண்டும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் மேற்புறம் முந்தி உலர்ந்து வெடித்துவிடும், உழைப்பெல்லாம் வீண். நன்கு காய்ந்தபின் கருநீலம் பூசுங்கள். அதுவும் உலர்ந்ததும், ஏறக்குறைய வறண்ட தூரிகையால் பொன்வர்ணத்தை மேடுகளில் மட்டும் தடவுங்கள். பள்ளம் இருண்டு, மேடு ஒளிரும்.

விளிம்புக்கு எது ஒட்டலாம்? பாட்டியின் கூறைப் புடவை இற்றுப்போனால், சரிகையை எடைக்குப் போட்டுவிடுவது நம் வழக்கம். அதில் ஒரு முழமேனும் கத்தரித்து இங்கே ஒட்டுங்கள். எடைக்குக் கிடைக்கும் பணம் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். பெட்டியோ பேத்தியின் கைக்கும் போய்ச் சேரும்.