அரசின் கடனுக்கு ஒரு நீதி. ஏழையின் கடனுக்கு வேறு நீதியா?

2022 ஏப்பிரில் 12ஆந் திகதி இலங்கை அரசாங்கம் உலகறிய ஓர் அறிவித்தலை விடுத்தது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட வழியில்லை, கட்டுவதை நிறுத்திவிட்டோம் என்பதே அதன் சாரம். கடன் கொடுத்தவர் எவரும் திறைசேரியின் வாயிலில் நின்று வசைபாடவில்லை. பேச்சுவார்த்தை மேசைக்கே வந்தார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் உதவிக்கு இணங்கியது. 2024 முடிவதற்குள் சர்வதேசப் பிணைமுறிகளின் முதலிலேயே நூற்றுக்கு 27 பங்கு வெட்டப்பட்டது, தவணைகளும் நீட்டப்பட்டன.

இதனை நாம் குறைகூறவில்லை. கட்டமுடியாதவனைக் கட்டு என்று நெரிப்பது அறமன்று. நாம் கேட்பது ஒன்றே: அந்த அறம் கொழும்பிலே திறைசேரியின் படியோடு நின்றுவிடலாமா? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும், அரசின் நிவாரணப் பணத்தில் அடுப்பெரிக்கும் ஏழைத் தாயின் குடிசைக்கு அது வரலாகாதா?

2009இல் போர் ஓய்ந்தது. வன்னிக்குப் பாதைகள் திறந்தன. அப்பாதைகளில் முதலில் வந்திருக்கவேண்டியவை தொழிற்சாலைகளும் நீர்ப்பாசனமும். அவற்றை முந்திக்கொண்டு வந்தவர்கள் நுண்கடன் நிறுவனத்தார். கணவனை இழந்தவள், கணவன் காணாமலாக்கப்பட்டவள், ஈடுவைக்கக் காணியில்லாதவள் ஆகியோரே அவர்கள் தேடிய வாடிக்கையாளர். ஈடு வேண்டாம், பத்திரம் வேண்டாம், நான்கைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணைநின்றாற் போதும் என்றார்கள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். இவ்வாறு அயலவளே அயலவளுக்குக் காவற்காரி ஆக்கப்பட்டாள். ஊரின் ஒற்றுமையையே ஈடாக வாங்கிக்கொண்டார்கள்!

வட்டிக் கணக்கைச் சற்றே பாருங்கள். 50,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 24 வீத வட்டி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் எனக் கொள்வோம். வட்டி 12,000, மொத்தம் 62,000. இதனை 52 வாரத் தவணையாக வகுத்தால் வாரமொன்றுக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. வாராவாரம் முதல் குறைந்துகொண்டு போகிறது. வட்டியோ குறையாத முழு முதலுக்கும் அறவிடப்படுகிறது. மீதி முதலுக்கு மட்டும் வட்டி கணித்தால் இதன் உண்மையான வீதம் ஆண்டுக்கு 44 அளவில் வரும். 24 என்று சொல்லி 44 வாங்குவதற்கு வணிகம் என்று பெயராம்!

2023இல் அஸ்வெசும ஆரம்பமானபோது மாத உதவி 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என நான்கு படிகளாக இருந்தது. பின்னர் சில படிகள் உயர்த்தப்பட்டன. 5,000 ரூபாப் படியில் உள்ள ஒரு தாய் மேலே சொன்ன கடனுக்கு நான்கு வாரத்தில் 4,768 ரூபா கட்டினால் மிஞ்சுவது 232 ரூபா. அரசாங்கம் ஏழைக்குக் கொடுத்ததாகக் கணக்கெழுதுகிறது; பணம் ஏழையின் கையைத் தொட்டுவிட்டு நிறுவனத்தின் பெட்டியிற் போய் விழுகிறது. பசி தீர்க்க ஒதுக்கிய வரிப்பணம் வட்டி தீர்க்கப் போகிறது. அந்த மாதம் அரிசி வாங்க அவள் இன்னொரு நிறுவனத்திடம் கையொப்பம் வைக்கிறாள்.

இவற்றை அரசு அறியாததன்று. ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன், மனித உரிமைகள் பற்றிய நிபுணர் 2018இல் இலங்கைக்கு வந்தார். வட்டி 220 வீதம் வரையிற் போவதையும், அறவிட வருவோர் பெண்களிடம் தகாதன கேட்பதையும் அவர் வெளிப்படுத்தினார். அதே ஆண்டில், வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறியவர்களுக்கே அச்சலுகை. தோட்டை விற்று, பட்டினி கிடந்து, தவறாமற் கட்டியவளுக்கு ஒன்றுமில்லை! பெரும் வணிகருக்கு நெருக்கடி வந்தபோதோ, வழக்கின்றியே ஈட்டுச் சொத்தை ஏலம்விடும் வங்கிகளின் பராட்டே அதிகாரம் 2024இல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆலை முதலாளிக்கு அவகாசம். ஆடு வளர்ப்பவளுக்கு அவமானம்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த இன்னலென்று நாம் சொல்லவில்லை. 2021 மார்ச் 8இல், பொலனறுவை மாவட்டத்து இங்குராக்கொடையில் சிங்களக் கிராமத்துப் பெண்கள் நுண்கடனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தனர். போரும் இடப்பெயர்வும் சேமிப்பையெல்லாம் தின்றுவிட்ட எமது மண்ணிலே அதே நோய் மும்மடங்கு கொல்கிறது என்பதே எமது முறையீடு.

ஆள்வோரை நோக்கி நீட்டும் விரலை எம்மவர் பக்கமும் திருப்பியாகவேண்டும். கற்ற பெருமக்களே! கூடிய வட்டி தருகிறார்களென்று நிதி நிறுவனங்களில் நிலையான வைப்பு இடுகிறீர்கள். அந்த வட்டி எங்கிருந்து வருகிறதென்று ஒருநாளாவது கேட்டதுண்டா? அதிலே ஒரு பங்கு வன்னித் தாயின் வாரத் தவணையாக இருக்கலாமே! கமக்காரப் பெருமக்களே! உங்கள் பாட்டன்மார் சிக்கன கடனுதவிச் சங்கங்களை வளர்த்தவர்கள். கூட்டுறவினாலே 1936இல் மூளாயில் வைத்தியசாலை கண்ட மண் இது. அச்சங்கங்களைத் தூங்கவிட்டு, வட்டிக்காரன் புகுந்துவிட்டான் என்று புலம்புவதிற் பயனென்ன?

நிவாரணம் பெறும் சகோதரிகளுக்கு இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்கலாகாது. நிவாரண வங்கிப் புத்தகத்தையோ அட்டையையோ எவரிடமும் ஒப்படைக்கலாகாது. முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று எழுத்திற் கணக்குக் கேட்கவேண்டும். வீட்டுக்குள் நுழைந்து பொருளைத் தூக்க அறவிடுபவனுக்கு அதிகாரமில்லை. அது நீதிமன்றின் வேலை. விளங்காத தாளிற் கையொப்பம் கேட்டால், வாசிக்கத் தெரிந்த ஆசிரியரோ சட்டத்தரணியோ பக்கத்தில் இருக்கவேண்டும். அந்த ஆசிரியரும் சட்டத்தரணியும் நீங்களே.

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை மூன்று. நிவாரணம் பெறுவோரின் நுண்கடனுக்கு வட்டியை நிறுத்தி, முதலை அவர்கள் சக்திக்கேற்ற தவணையாக்குக. உண்மையான வட்டி வீதத்தைத் தமிழில் முதற்பக்கத்தில் எழுதாத ஒப்பந்தம் செல்லாது எனச் சட்டம் இயற்றுக. கிராமக் கடன் தேவைக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதல் கொடுக்க. கொடிய வட்டி ஒப்பந்தத்தை நீதிமன்று மீளத் திறந்து பார்க்கலாமென்று 1918ஆம் ஆண்டிலேயே அந்நியன் ஆட்சியிற் சட்டம் இருந்தது. சுதந்திர நாட்டுக்கு அதைவிடக் குறைந்த நீதியா?

தன் கடனுக்குக் கருணை கேட்டுப் பெற்ற அரசு, தன் குடிகளின் கடனுக்கு அக்கருணையை மறுக்குமாயின் அது பெற்றது கருணையன்று, களவு. அதனை உரத்துச் சொல்லத் தமிழ் மக்கள் தயங்கலாகாது.