மொழி தானாக வராது

"ஜப்பானுக்கு வந்துட்டல்லம்மா, இனிமே பாஷை தானா வந்துடும்."

டோக்கியோவில் தமிழர்கள் கூடும் பொங்கல் விழாவிலும் பிறந்தநாள் விருந்திலும் இதைக் கேட்காமல் நான் வீடு திரும்பியதில்லை. சொல்பவர் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடமாக இங்கே இருக்கும் ஓர் அண்ணன். கேட்பவர் போன மாதம் கணவரோடு வந்து இறங்கிய ஒரு பெண். இந்த வருடம் அந்த வாக்கியம் மேடையே ஏறிவிட்டது. வகுப்புக்குப் போவதெல்லாம் வீண், காதைத் திறந்து வைத்தால் போதும் என்று ஒருவர் பேச, கூட்டம் கைதட்டியது. இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். இதை நம்பி வருடங்களைத் தொலைத்த பெண்களை எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

இருக்கும் ஊரே மொழியைக் கற்றுக்கொடுத்துவிடும் என்பது மேடையில் பேசியவரின் முதல் வாதம். குன்மா மாகாணத்து ஓய்சுமியும் ஷிசுவோகாவின் ஹமமட்சுவும் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன. 1990இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டதும் பிரேசிலிலிருந்தும் பெருவிலிருந்தும் ஜப்பானிய வம்சாவளியினர் பெருந்திரளாக வந்தார்கள். முகம் ஜப்பானிய முகம். வீட்டில் தாத்தா பாட்டி பேசிய மொழி. நமக்கு இல்லாத அனுகூலம் எல்லாம் அவர்களுக்கு இருந்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களே வீடு பிடித்துக் கொடுத்தன, வண்டியில் ஏற்றித் தொழிற்சாலையில் இறக்கின, மொழிபெயர்க்க ஆளும் வைத்தன. கடை, தேவாலயம், முடிதிருத்தகம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் போர்த்துகீசிய மொழியில் முளைத்தன. பதினைந்து வருடம் காதைத் திறந்து வைத்திருந்தும் ஏராளமானவர்களுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்ப வரவில்லை.

2008 நிதி நெருக்கடியில் முதலில் வேலை போனது இவர்களுக்குத்தான். வேறு வேலை தேடி வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனால் முதல் கேள்வியே ஜப்பானிய மொழி தெரியுமா என்பது. 2009இல் அரசாங்கம் தலைக்கு மூன்று லட்சம் யென்னும், உடன் வந்த குடும்பத்தாருக்கு இரண்டு லட்சமும் கொடுத்து ஊருக்குத் திருப்பி அனுப்பியது. இருபதாயிரம் பேருக்கு மேல் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்காக அதே வருடம் அரசு மொழிப் பயிற்சி தொடங்கியது. ஹமமட்சு நகராட்சி பழைய யூத்தோ ஊராட்சிக் கட்டடத்தை 2010 ஜனவரியில் வெளிநாட்டவர் மொழி கற்கும் மையமாக்கியது. இதற்கெல்லாம் முன்பே, 2001இல், வெளிநாட்டவர் அதிகம் வாழும் பதின்மூன்று ஊர்கள் ஹமமட்சுவில் கூடி, இவர்களுக்கு மொழி கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று மத்திய அரசிடம் பகிரங்கமாகக் கோரியிருந்தன. தானாக வருகிற ஒன்றுக்காக யாரும் மாநாடு கூட்டிக் கோரிக்கை வைக்க மாட்டார்கள்.

இன்னும் பழைய சாட்சி கவாசாக்கியின் சகுராமோட்டோ. காலனி ஆட்சிக் காலத்தில் கொரியாவிலிருந்து வந்து, வாழ்நாளையே ஜப்பானில் கழித்த பாட்டிமார் அங்கே இருந்தார்கள். பேச்சு வந்தது, எழுத்து வரவில்லை. ஐம்பது, அறுபது வருடம் ஜப்பானியப் பலகைகளுக்குக் கீழே நடந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்த பிறகு அங்குள்ள ஃபுரேஆய்கான் என்னும் மன்றத்தின் எழுத்தறிவு வகுப்பில் பென்சில் பிடித்துத் தங்கள் பெயரை எழுதக் கற்றார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், அதன் பிறகுதான் எழுத்து வந்தது.

பிள்ளைகளைப் பாருங்கள், எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பார்கள். ஜப்பானியப் பொதுப்பள்ளிகளில் தனியாக மொழிப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைகள் 69 ஆயிரத்துக்கு மேல் என்று கல்வி அமைச்சகத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. தினமும் ஆறேழு மணி நேரம் ஜப்பானியக் குழந்தைகளோடு ஒரே அறையில் உட்காரும் பிள்ளைகள் இவர்கள். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் பிள்ளை சமூக அறிவியல் புத்தகத்தின் முன்னால் ஊமையாகிவிடுவதை இங்குள்ள எந்த ஆசிரியரும் சொல்வார்.

"எனக்குத் தானாத்தானே வந்துச்சு" என்கிற அண்ணன்களிடம் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். முதல் வருடம் அலுவலகமே ஆசிரியர் வைத்துப் பாடம் நடத்தியிருக்கும். பக்கத்து மேசைக்காரர் ஒவ்வொரு மின்னஞ்சலையும் திருத்திக் கொடுத்திருப்பார். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்க ஒதுக்கும் நேரம் 2,200 வகுப்பு மணி. படிப்பதே வேலையாக இருப்பவர்களுக்கே அவ்வளவு ஆகிறது.

அடுத்தது ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று அவர் சொன்னாராம், அதனால் தமிழருக்கு எளிதாம். வினைச்சொல் கடைசியில் வருவது ஒத்துப்போகிறது, நல்லது. ஓனோவின் கருத்தை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் 2,136 பொதுப் பயன்பாட்டுக் கான்ஜி எழுத்துகளில் ஒன்றுகூடக் குறையப் போவதில்லை.

கைபேசி மொழிபெயர்த்துவிடும் என்பவர்கள் அது கைகொடுக்காத பேரிடர் நேரத்தையும் நினைத்துப் பார்க்கட்டும், 1995 கோபே நிலநடுக்கம் ஒன்றே போதும். அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் தவித்ததைப் பார்த்த பிறகுதான் ஹிரோசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'எளிய ஜப்பானிய மொழி'யை உருவாக்கினார்கள். அந்த எளிய மொழியைப் புரிந்துகொள்ளவும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். செயலியில் படித்து ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் தேர்வை எழுதினால் போதும் என்பதும் இதே ரகம்தான். அந்தத் தேர்வில் பேச்சுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

என்னை மிகவும் புண்படுத்தியது மேடையில் பேசியவர் கடைசியாகச் சொன்னது: வார்டு ஆபீஸ் வகுப்புகள் பொழுது போகாத பாட்டிகள் நடத்துவது, இலக்கணமே கிடையாது, போகாதீர்கள்.

அந்தப் பாட்டிகளில் ஒருவரை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சமூகக் கூடத்தின் இரண்டாம் மாடி, நீள மேசைகள், மேசைக்கு இரண்டு மூன்று பேர். ஒரு தமிழ்ப் பெண் பையிலிருந்து காகிதம் ஒன்றை எடுத்து விரித்தாள். மகனின் குழந்தைகள் காப்பகம் அனுப்பிய விளையாட்டு விழாக் கடிதம். மழை வந்தால் எந்த நாள், பென்தோ என்னும் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவர வேண்டுமா, தொப்பியில் பெயர் எங்கே எழுத வேண்டும், எல்லாம் கான்ஜியில். எதிரே இருந்தவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கான்ஜியின் தலையிலும் அதன் உச்சரிப்பைப் பென்சிலால் ஹிராகனா எழுத்தில் எழுதினார். அர்த்தத்தை உடனே சொல்லிவிடவில்லை, அவளையே வாசிக்க வைத்தார். பிறகு கடிதத்தை மடித்துவிட்டு, மறுநாள் காலை காப்பக ஆசிரியையிடம் கேட்க வேண்டிய கேள்வியை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். தப்பான இடத்தில் நிறுத்தித் திருத்தினார், திரும்பவும் சொல்ல வைத்தார், சரியாக வரும்வரை விடவில்லை. இலக்கணம் இல்லை என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது? வேற்றுமை உருபு ஒவ்வொன்றும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

அடுத்த வாரம் மருத்துவமனையில் நிரப்பும் படிவம். அதற்கடுத்து குப்பை அட்டவணை: எரியும் குப்பை எந்தக் கிழமை, பெரிய சாமானுக்குக் கட்டண ஒட்டியை எங்கே வாங்குவது. கட்டணம் சில நூறு யென், பல இடங்களில் அதுவும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கும் வகுப்புகளும் உண்டு. தனியார் மொழிப் பள்ளியில் முழுநேரமாகச் சேர்ந்தால் வருடத்துக்கு ஏழெட்டு லட்சம் யென் ஆகும். ஜப்பான் முழுவதும் ஜப்பானிய மொழி கற்பிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சம்பளம் வாங்காத இந்தத் தன்னார்வலர்கள். வாரம் ஒரு நாள் போதாது என்பது உண்மைதான். பல சிற்றூர்களில் அந்த ஒரு நாளும் கிடையாது. கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு போகாதே என்று தடுப்பது பெரிய அநியாயம்.

இந்த அறிவுரையின் விலையைக் கொடுப்பது யார்? அலுவலகம் போகும் ஆணுக்கு நாள் முழுக்க ஜப்பானியம் காதில் விழும், சம்பளமும் வரும். இந்தியர்கள் அதிகம் வாழும் டோக்கியோவின் நிஷிகசாயில், யூ.ஆர். வாடகைக் குடியிருப்பின் எட்டாவது மாடியில் இருக்கும் அவர் மனைவிக்கு என்ன விழும்? கீழே இந்திய மளிகைக் கடை, மாலையில் பூங்காவில் தமிழ்த் தோழிகள், பிள்ளை படிப்பது இந்தியப் பள்ளி. ஓய்சுமியில் போர்த்துகீசியம் சூழ்ந்ததைப் போல இங்கே தமிழும் இந்தியும் ஆங்கிலமும் சூழ்ந்திருக்கின்றன. குடும்ப விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், ஆனால் மொழி தெரியாதவருக்கு அந்த 28 மணி நேரத்தை யாரும் கொடுப்பதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் கணவர் விடுப்பு எடுத்து வரும்வரை அவள் காத்திருக்கிறாள். மொழி தானாக வரும் என்று சொல்லி அவளை வீட்டில் உட்கார வைத்தது நாம்தான்.

அடுத்த விழாவில் புதிதாக வந்த பெண் யாராவது உங்களிடம் மொழியைப் பற்றிக் கேட்டால், தயவுசெய்து அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். அவர் குடியிருக்கும் வார்டின் வகுப்புப் பட்டியலைத் தேடிக் கொடுங்கள். பல வகுப்புகள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதியவர்களைச் சேர்க்கின்றன. முதல் நாள் நீங்களும் கூடவே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.